வெயில் தெரிந்ததுதானே, முதல் நாளே சொல்லுங்கள்

விமான நிலைய நிர்வாகத்தாருக்கும், எங்கள் பக்கத்திலிருந்து மலேசியாவுக்கு விமானம் விடும் நிறுவனத்தாருக்கும்,

வணக்கம். பள்ளத்தூரிலிருந்து எழுதுகிறேன். போன கத்திரியில் மதிய விமானத்திலிருந்து பெட்டிகளை இறக்கிவிட்டீர்களே, அதைப் பற்றித்தான் இந்த மடல்.

இறக்கியதற்கான காரணத்தை நான் மறுக்கவில்லை. காற்று சூடேறினால் அடர்த்தி குறையும். 15 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் ஏறக்குறைய 8 விழுக்காடு குறைவு. இறக்கைக்குத் தூக்குவிசை போதாது, எஞ்சினும் முழு உந்துவிசை தராது. ஓடுதளமோ அதே நீளம்தான், ஆகவே எடையைக் குறைத்தாக வேண்டும். 2017 ஜூனில் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் வெயில் 48 டிகிரியைத் தொட்டபோது 40-க்கும் மேற்பட்ட சிறிய விமானங்களை ரத்தே செய்தார்கள். உயிருக்குப் பாதுகாப்பு முக்கியம். சரி. ஆனால் எங்களிடம் ஏன் சொல்லவில்லை?

என் ஆத்தாவுக்கு 71 வயது. தங்கச்சியின் பேறுகாலத்துக்காகக் கோலாலம்பூர் கிளம்பினார்கள். ஒரே ஒரு பெட்டி. அதில் பிரசவ மருந்துப் பொடி, சுக்கு, அப்புறம் அப்பச்சியின் (என் அப்பாவின்) பழைய வேட்டிகளைக் கிழித்து, துவைத்துக் காயவைத்து மடித்த துணிகள். பிறந்த பிள்ளையை முதலில் அந்தத் துணியில்தான் வாங்க வேண்டும் என்பது ஆத்தாவின் ஆசை. அப்பச்சி போய் இரண்டு வருடம் ஆகிறது. கவுண்டரில் பெட்டியை வாங்கிச் சீட்டு ஒட்டினீர்கள். விமானத்துக்குள் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தீர்கள். குளிர்காற்று சரியாக வராமல், சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்தார்களாம். பெட்டி வரவில்லை என்பது அங்கே போய் இறங்கி, காலியான பெல்ட்டின் முன்னால் நின்றபோதுதான் தெரிந்தது. பிள்ளை இரண்டாம் நாள் பிறந்தான். பெட்டி நான்காம் நாள் வந்தது.

முதல் நாளே சொல்லியிருந்தால் அந்தத் துணியைக் கைப்பையில் வைத்திருப்பார்கள். அவ்வளவுதான் நான் கேட்பது. நாளை 40 டிகிரி என்று வானிலை மையம் இன்றே சொல்லிவிடுகிறது. எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பது உங்கள் கணினியில் இருக்கிறது. இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டு, 'நாளை எடைக் குறைப்பு இருக்கலாம், அவசியமானதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்ப என்ன செலவாகும்?

எங்கள் முன்னோர் இந்த வெயிலை நினைத்துத்தான் வீடு கட்டினார்கள். கனத்த சுவர், உயர்ந்த கூரை, நடுவில் முற்றம். நீங்கள் அட்டவணையை எதை நினைத்துப் போடுகிறீர்கள்? கோடையில் மட்டுமாவது அந்த மதிய விமானத்தை அதிகாலைக்கோ இரவுக்கோ மாற்றக் கூடாதா? பெட்டி ஏற்றி இறக்குகிற பிள்ளைகளையும் நினைத்துப் பாருங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை திறந்தவெளி வேலைக்குத் தடை இருக்கிறது. இங்கே நம் பிள்ளைகள் கொதிக்கிற தரையில் நிற்கிறார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று எங்கள் செட்டிநாட்டிலேயே கிடக்கிறது, நாங்களோ அந்த வெயிலில் காரில் நெடுந்தூரம் வந்து உங்கள் வாசலில் நிற்கிறோம். அதை இன்னொரு மடலில் எழுதுகிறேன். கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வரும் வைகாசியில் எங்கள் வீட்டில் முன்னோருக்குப் படைத்துக் கும்பிடும் படைப்பு. தங்கச்சி கைக்குழந்தையோடு வருகிறாள். திரும்பிப் போக இப்போதைக்குக் கிடைத்திருப்பது அதே மதிய விமானம்தான். பிள்ளையின் பாலும் மருந்தும் எந்தப் பையில் இருக்க வேண்டும் என்று நாங்கள் முதல் நாள் இரவே முடிவு செய்ய வேண்டும். பெட்டி ஏறாது என்றால், தயவுசெய்து அதற்கு முன்னால் எங்களிடம் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
பள்ளத்தூர்ப் பயணி ஒருவர்