தீட்சைக்கு முன் கேட்க வேண்டியவை

அன்புள்ள சிவராமனுக்கு,

கடிதம் கிடைத்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை டாக்டர் நிறுத்தச் சொல்லும்வரை விடாதே. உனக்குக் கொஞ்சம் குணமானதும் பாதியில் விட்டுவிடுவாய், அது தெரிந்துதான் சொல்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். மழை வேண்டிய அளவு பெய்துவிட்டது, இனி நின்றால் நல்லது.

மாப்பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பெரியவரைப் பார்த்ததும் தனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, அதனால் அவரிடமே தீட்சை, அதாவது குரு சடங்கோடு மந்திரம் தந்து சீடனாக ஏற்பது, வாங்கப்போகிறேன் என்கிறார். குருவாக இருக்க ஒருவருக்கு என்ன தகுதி வேண்டும், அதை யார் முடிவு செய்வது என்று நீ கேட்கிறாய். கண்ணீர் வந்தது மாப்பிள்ளையின் மனப்பக்குவம். அதை வைத்து எதிரே உட்கார்ந்திருப்பவரின் தகுதியை எடை போட முடியாது.

இந்து சமயம் முழுவதற்கும் பொதுவாகச் சான்றிதழ் கொடுக்கிற சபை எதுவும் கிடையாது. அந்தந்தச் சம்பிரதாயத்துக்கு அதனதன் விதி. அவர் சைவ சித்தாந்தம் சொல்வதாக எழுதியிருக்கிறாய். அப்படியானால் அந்த மரபின் விதியை வைத்தே அவரைக் கேட்கலாம், அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

ஆகம வழியில் தீட்சை படிப்படியானது. முதலில் சமய தீட்சை: ஐந்தெழுத்து உபதேசம், திருநீறு, அன்றாட அனுட்டானம். அடுத்தது விசேட தீட்சை. இதற்குப் பிறகுதான் சொந்தமாகச் சிவபூசை எழுந்தருளுவித்துக்கொள்ளும் உரிமை. மூன்றாவது நிருவாண தீட்சை. சீடனின் உச்சிக் குடுமியிலிருந்து கால் பெருவிரல் வரை ஒரு நூலைக் கட்டி, நிவிர்த்தி முதலான ஐந்து கலைகளையும் (உலகமெல்லாம் அடங்கும் ஐந்து தளங்கள்) அதில் வைத்துச் சுத்தி செய்து, கடைசியில் அதை அறுத்து ஓமத்தில் இடுவார்கள். இவ்வளவும் பெற்றவர்கூட இன்னொருவருக்குத் தீட்சை கொடுக்க முடியாது. அதற்கு ஆசாரிய அபிடேகம் என்று தனியாக ஒன்று உண்டு. மந்திரித்த கும்ப நீரால் குரு அவரை நீராட்டி, தலைப்பாகை, குடை, பாதுகை, கத்தரி, சாத்திர நூல் முதலானவற்றைக் கையில் கொடுத்து, இன்று முதல் நீ தீட்சை செய்யலாம், ஆனால் சீடனை ஆராய்ந்து பார்த்தே செய் என்று ஆணையிடுவார். கத்தரி எதற்கு என்று உனக்கு இப்போது புரிந்திருக்கும்.

ஆகவே மாப்பிள்ளை முதலில் கேட்க வேண்டியது, "சுவாமி, தங்களுக்கு ஆசாரிய அபிடேகம் செய்தவர் யார்? எந்தப் பத்ததிப்படி தீட்சை செய்கிறீர்கள்?" பத்ததி என்றால் சடங்குமுறையை வகுத்துச் சொல்லும் நூல். தமிழ்நாட்டில் பெரும்பாலும் 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அகோர சிவாசாரியாரின் பத்ததிதான் வழக்கில் இருக்கிறது. முறையாக வந்தவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். தினமும் பூசையில் குருமரபைச் சொல்லி வணங்குகிறவருக்குத் தன் குருவின் பெயர் நாக்கு நுனியில் இருக்கும். "எனக்குச் சிவனே நேரில் கொடுத்தார்" என்று பதில் வந்தால், அது உண்மையாகவே இருக்கட்டும், அவரைக் கும்பிட்டுவிட்டு வரலாம். தீட்சை மட்டும் அங்கே வேண்டாம்.

இரண்டாவது, அவருடைய சொந்த அனுட்டானம். சமய தீட்சையில் முக்கியமான கட்டம் சிவஹஸ்தம். குரு தன் வலக்கையில் மந்திர நியாசம் செய்து, அதாவது மந்திரங்களைச் சொல்லிக் கையில் பதித்து, சிவனை அங்கே பூசித்து, அந்தக் கையைச் சீடனின் தலையில் வைக்கிறார். அந்த நேரத்தில் அது அவர் கையல்ல, சிவன் கை என்பதுதான் கணக்கு. தினசரிப் பூசையும் நியாசமும் இல்லாதவர் தலையில் கை வைத்தால் அது ஆசீர்வாதம், அவ்வளவுதான். விசேட தீட்சை பெற்றவர்களே பூசை முடிக்காமல் சாப்பிடுவதில்லை என்று நியமம் வைத்திருக்கிறார்கள், குருவுக்குச் சொல்லவே வேண்டாம். ஒரு நாள் காலை ஐந்து மணிக்கு அங்கே போய் உட்கார்ந்து பார்க்கட்டும். மாலைச் சொற்பொழிவில் தெரியாதது காலையில் தெரியும்.

இதெல்லாம் சடங்குத் தகுதி, ஞானத்துக்கும் இதற்கும் என்ன என்று நீ கேட்பாய். நியாயமான கேள்வி, இந்த மரபே அதில்தான் ஒருமுறை தலைகீழாகப் புரண்டது. திருத்துறையூர் அருணந்தி சிவாசாரியார் ஆதிசைவர் (கோயில் பூசை செய்யும் சிவாசாரியார் குலம்), சகலாகம பண்டிதர் என்று பெயர் வாங்கியவர், சைவ சித்தாந்தத்தின் முதல் நூலைத் தந்த மெய்கண்டாரின் தந்தைக்குக் குலகுரு. பிறப்பு, படிப்பு, வயது, பதவி எல்லாம் அவர் பக்கம். மெய்கண்டாரோ திருவெண்ணெய்நல்லூரில் வளர்ந்த வேளாளச் சிறுவர். தம் மாணவர்கள் அந்தப் பிள்ளையிடம் பாடம் கேட்கப் போவதைக் கண்டு அருணந்தியார் நேரே போய், "ஆணவ மலத்தின் வடிவம் என்ன?" என்று கேட்டாராம். ஆணவ மலம் என்பது உயிரின் அறிவை மறைக்கும் அழுக்கு. பிள்ளை பதில் பேசாமல், எதிரே நின்றிருந்தவரைத் தலையிலிருந்து கால்வரை விரலால் சுட்டிக் காட்டியது, நீயேதான் அதன் வடிவம் என்பதுபோல, என்பது மரபு. அருணந்தியார் காலில் விழுந்து சீடரானார். பிறகு சிவஞான சித்தியார் என்ற நூலை எழுதினார்.

இதைச் சொல்லி "சாத்திரமே வேண்டாம், அனுபவம் போதும்" என்று கிளம்புகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் மறந்துவிடுகிற இடம் ஒன்று உண்டு. மெய்கண்டாரும் பரஞ்சோதி முனிவரிடம் உபதேசம் பெற்றவர்தான். மெய்கண்டார் தந்த சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரம், ஒவ்வொன்றையும் வாதத்துக்கு நிற்கும்படி அமைத்திருக்கிறார். பிறப்பு விதி தளர்ந்தது, மரபு அறுபடவில்லை. 16ஆம் நூற்றாண்டில் குருஞான சம்பந்தர் தருமபுர ஆதீனத்தைத் தொடங்கியபோதும் அவருக்குத் திருவாரூரில் கமலை ஞானப்பிரகாசர் என்ற குரு இருந்தார். பிறப்பையும் உடல் குறைகளையும் பற்றி ஆகமங்களில் நீளமாக வரும் பட்டியலை நான் அதிகம் பொருட்படுத்துவதில்லை. மெய்கண்டாருக்குப் பிறகு அதைத் தூக்கிப் பிடிப்பது அவ்வளவு பொருந்தவில்லை.

உள்ளே ஞானம் இருக்கிறதா என்பதை நீயோ நானோ அளக்க முடியாது. அது இல்லாத இடத்தில் சில அறிகுறிகள் தெரியும், அவற்றைப் பார்க்கலாம். பிரசின உபநிடதத்தில் ஆறு பேர் கையில் சமித்தோடு (வேள்விக்கான விறகுக் குச்சி) பிப்பலாதர் என்ற ரிஷியிடம் வருகிறார்கள். ஆறு பேரும் வேதம் படித்தவர்களே. அவர் உடனே உபதேசிக்கவில்லை. இன்னும் ஓராண்டு தவம், பிரம்மசரியம், சிரத்தையோடு இங்கே இருங்கள், பிறகு கேளுங்கள், எனக்குத் தெரிந்திருந்தால் எல்லாவற்றையும் சொல்கிறேன் என்கிறார். "தெரிந்திருந்தால்" என்று ஒரு ரிஷி சொல்கிறார் பார்! மாப்பிள்ளை அந்தப் பெரியவரிடம் நூலிலிருந்து கடினமான இடம் ஒன்றைக் கேட்கட்டும். முத்தியில் ஆணவம் அழிகிறதா, அதன் சத்தி மட்டும் அடங்குகிறதா என்று கேட்டாலே போதும். நூலைக் காட்டி விளக்கினால் நல்லது. பார்த்துச் சொல்கிறேன் என்றால் இன்னும் நல்லது. கேட்டவனின் அகங்காரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடலாம். அருணந்தியார் கதையை மனப்பாடம் செய்துகொண்டு, கேள்வி கேட்கிறவனையெல்லாம் விரலால் சுட்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

அந்த ஓராண்டுக் காத்திருப்பும் முக்கியம். சீடன் குருவைச் சோதிக்கவும் குரு சீடனைச் சோதிக்கவும் வைத்த காலம் அது. காலையில் பெயர் கொடுத்து மாலைக்குள் மூன்று தீட்சையும் முடித்து அனுப்புகிற இடங்களில் கெட்டுப்போவது இதுதான். அனுட்டானம் கற்றுத் தர ஆளில்லை, விட்டுப்போனால் பிராயச்சித்தம் சொல்ல ஆளில்லை. ஆறு மாதத்தில் திருநீற்றுப் பை அலமாரிக்குப் போய்விடும், குற்ற உணர்வு மட்டும் மிஞ்சும்.

"குரு என்ன செய்தாலும் கேள்வி கேட்காதே" என்று அங்கே சொல்வதாக எழுதியிருந்தாய். எனக்கு நெருடியது அதுதான். தைத்திரீய உபநிடதத்தில் படிப்பு முடித்து வீடு திரும்பும் மாணவனுக்கு ஆசாரியர் சொல்கிறார்: எங்களிடம் உள்ள நல்ல நடத்தைகளை மட்டும் பின்பற்று, மற்றவற்றை வேண்டாம். தன்னிடம் மற்றவையும் இருக்கலாம் என்று ஒப்புக்கொள்கிற குரு அவர். பாரதத்தில் பீஷ்மர் தன் குரு பரசுராமரிடமே, செய்யத்தக்கது தகாதது அறியாமல் வழி தவறிய குருவையும் தண்டிக்கலாம் என்ற பழைய விதியை எடுத்துக்காட்டுகிறார். கேள்வி கேட்கக் கூடாது என்பது எல்லாக் காலத்துக்கும் பொது விதி அல்ல. பணம், பெண்கள், சொத்து ஆகிய மூன்றிலும் அவரைத் தட்டிக்கேட்க மூத்த சீடரோ மடமோ யாராவது இருக்கிறார்களா என்று விசாரி. யாரும் இல்லையென்றால் மற்றத் தகுதிகள் இருந்தும் நான் தயங்குவேன். தட்சணை வழக்கமாக உபதேசத்துக்குப் பிறகு, சக்திக்கேற்ப. தீட்சைக்கு இவ்வளவு, தனி தரிசனத்துக்கு இவ்வளவு என்று ரசீதுப் புத்தகம் முதலில் வந்தால் யோசி.

குருடனுக்குக் குருடன் வழிகாட்டினால் இருவரும் குழியில் விழுவார்கள் என்கிற திருமூலரின் குருட்டாட்டப் பாட்டை நீயே எழுதிவிட்டாய், நான் திரும்ப எழுதவில்லை. மாப்பிள்ளையிடம் அதைப் படித்துக் காட்டாதே, இன்னும் பிடிவாதம் ஏறும். மேலே உள்ள கேள்விகளை அவரே போய்க் கேட்கும்படி சொல். பதில்கள் சரியாக இருந்தால் சமய தீட்சை மட்டும் இப்போது பெறட்டும், விசேடத்துக்கு ஓராண்டு போகட்டும். அன்று காலை வெறும் வயிறு, புது வேட்டி, மேல்துண்டு. கண்ணைக் கட்டி அழைத்துப் போய்ப் பூவைத் தூவச் சொல்வார்கள், பயப்பட வேண்டாம் என்று உன் மகளிடமும் சொல்லி வை. அந்தப் பெரியவர் சொல்லும் குருமரபை அப்படியே எழுதி வாங்கி எனக்கு அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
வைத்தி