பிரேக் இன்ஸ்பெக்டரை ஒருமுறை என் ஷெட்டுக்கு அனுப்புங்கள்

தமிழ்நாடு போக்குவரத்துத் துறை ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். கோயம்புத்தூரில் பதினெட்டு வருடமாகக் கார் எஞ்சின்களைக் கழற்றி மாட்டிப் பிழைக்கிறவன் நான். பெயர் போடாமல் எழுதுவதற்கு மன்னிக்கவும். காரணம் போகப்போக உங்களுக்கே புரியும்.

என்னிடம் வருவதில் பாதி, செட்டிபாளையம் ட்ராக்கில் ஓடுகிற ரேஸ் வண்டிகள். மீதி எல்லாம் வீட்டு வண்டிகள். அதிலும் பழைய ஸ்விஃப்ட் டீசல்தான் அதிகம். "அண்ணா, ஏசி போட்டு நாலு பேர் உட்கார்ந்தா வால்பாறை ஏத்தத்துல இழுக்கவே மாட்டேங்குது" என்று வருவார்கள். அதில் இருப்பது ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் எஞ்சின், 75 குதிரைத்திறன். அதே எஞ்சினை எர்டிகாவில் 90 குதிரைத்திறனுக்கு வைத்து விற்றார்கள். பிளாக் அதேதான், காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிற டர்போவும், எஞ்சினை நடத்துகிற ஈசியூ என்ற சின்னக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றிய கணக்கும்தான் வேறு. கம்பெனி ஒரே எஞ்சினுக்கு இரண்டு கணக்கு எழுதலாம், மூன்றாவது கணக்கை நான் எழுதினால் குற்றம். கம்பெனிக்காரன் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறான், நான் அப்படி இல்லை. அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

வேலை என்னவோ சின்னதுதான். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற போர்ட்டில் லேப்டாப்பைச் சொருகி, பேட்டரிக்குச் சார்ஜர் போட்டுவிட்டுத்தான் உட்காருவேன். ஃபைல் ஏறிக்கொண்டிருக்கும்போது வோல்டேஜ் இறங்கினால் ஈசியூ செத்துவிடும். ஒரிஜினல் ஃபைலைப் படித்து, வண்டி நம்பர் போட்டு ஒரு பென்டிரைவில் பத்திரமாக வைப்பேன். அப்புறம் டர்போ அழுத்தத்தையும் டீசல் அளவையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது. எவ்வளவு ஏற்றலாம் என்பதை எஞ்சின் மட்டும் முடிவு செய்வதில்லை. கிளட்ச் தாங்குமா, புகைக்குழாய் எவ்வளவு சூடாகிறது, இருக்கிற பிரேக் போதுமா, எல்லாம் பார்க்க வேண்டும். கிளட்ச் தேய்ந்த வண்டி என்றால் முதலில் அதை மாற்றிவிட்டு வா என்று திருப்பி அனுப்பிவிடுவேன். சைலன்சரில் பட்டாசுச் சத்தம் கேட்கிறவனுக்கு வாசலோடு சரி.

போன மாதம் ஒரு தம்பி வந்தான். கல்லூரி முடித்து ஒரு வருடம்தான் இருக்கும், அப்பாவின் வண்டி. ஆன்லைனில் ஒரு 'பவர் பாக்ஸ்' வாங்கி அவனே மாட்டியிருக்கிறான். பானெட்டைத் திறந்தால் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்பு டப்பா. உடைத்துப் பார்த்தேன்: உள்ளே ஒரு எல்இடி, ஒன்றிரண்டு ரெசிஸ்டர், அவ்வளவுதான். இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கிற காமன் ரெயில் குழாயில் அழுத்தம் குறைவாக இருக்கிறது என்று ஈசியூவுக்குப் பொய் சொல்வதுதான் அதன் வேலை. அதை நம்பி ஈசியூ அழுத்தத்தை ஏற்றும். ஏற்கெனவே ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தத்தில் நிற்கிற ரெயில் அது. பின்னால் வருகிறவன் முகமெல்லாம் கரி. எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டரில் ஒன்று ஒழுகத் தொடங்கியிருந்தது. பையன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "புகைச் சான்று வாங்கியாச்சுண்ணா, பாஸ் ஆயிடுச்சு. அப்ப வண்டி நல்லாத்தானே இருக்கு?"

உங்களுக்கு எழுத உட்கார்ந்ததே அந்தக் கேள்வியால்தான். டீசல் வண்டிக்குப் புகைச் சோதனை எப்படி நடக்கிறது என்று நீங்கள் அறிவீர்கள். நின்ற இடத்தில் நியூட்ரலில் ஆக்சிலரேட்டரை மிதித்து, வருகிற புகையை அளப்பார்கள். நாலு பேரை ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது வருகிற புகையை எந்த மெஷினும் பார்ப்பதில்லை. கூட்டின பவர் வேலை செய்வதே அங்கேதான். சொந்தக் காரை எஃப்சி என்ற தகுதிச் சான்றுக்கு நீங்கள் பார்ப்பது 15 வருடம் கழித்து. அதுவரை அந்த டப்பா உள்ளேயே கிடக்கலாம்.

சட்டம் இல்லாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து ஆர்சி மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருடம் வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு: ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நடப்பது என்ன? ரோட்டில் பிடிபடுவது சைலன்சர் சத்தமும் கறுப்பு ஃபிலிமும். கண்ணுக்குத் தெரிகிறது, பிடிக்கிறீர்கள். ஈசியூவின் கணக்கை மாற்றுகிற ரீமேப் கண்ணுக்குத் தெரியாது. ஒழுங்காகச் செய்தவனும் அந்த டப்பாக்காரனும் சட்டத்தின் முன் ஒன்றுதான், இருவருமே மாட்டுவதில்லை என்பதிலும் ஒன்றுதான். பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டியில் புகையைப் பிடிக்கிற டிபிஎஃப் வடிகட்டியைக் குடைந்து எடுத்துவிட்டு, எச்சரிக்கை விளக்கு எரியாமல் மென்பொருளில் மறைத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பிடித்து உள்ளே போடுங்கள், நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

இதே 52-ஆம் பிரிவு இன்னொரு கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது. பெட்ரோல் காருக்கு சிஎன்ஜி கிட் போடலாம். 200 பார் அழுத்தத்தில் கேஸ் சிலிண்டரை டிக்கியில் வைத்துக்கொண்டு குடும்பத்தோடு பழனிக்குப் போகலாம். அங்கீகரித்த கிட், பயிற்சி பெற்ற கடை, ஆர்சியில் பதிவு என்று ஒரு வழி இருப்பதால் யாரும் பயப்படுவதில்லை. ஜெர்மனியில் எஞ்சின் பவருக்கும் இப்படி ஒரு வழி உண்டு. மாற்றிய வண்டியை டியூவி போன்ற வாகனச் சோதனை அமைப்பிடம் காட்ட வேண்டும். சரியாக இருந்தால் கூடின பவரை ஆவணத்தில் ஏற்றித் தருவார்கள். காட்டாமல் ஓட்டினால் வண்டிக்கான அனுமதியே போய்விடும். இன்சூரன்ஸ்காரரும் அந்த ஆவணத்தைப் பார்த்துப் பிரீமியம் போடுவார். இங்கே விபத்து நடந்தால் சொல்லாத மாற்றத்தைக் காட்டி க்ளெயிமை மறுக்கலாம். சொல்லலாம் என்றாலோ, சொன்ன அன்றே குற்றவாளி.

சட்டத்தை மாற்றுவது டெல்லியின் வேலை, தெரியும். ஆனால் டெல்லிக்கு எழுத உங்களால் முடியும். தானியங்கி சோதனை நிலையங்கள் வருகிற காலம் இது. பிரேக்கைப் பார்க்க அங்கே ரோலர் வைக்கப்போகிறீர்கள். பக்கத்தில் எஞ்சின் பவரை அளக்கிற ஒரு டைனோ ரோலரும் வைத்தால், மூன்றாவது கியரில் முழு மிதியில் ஓட்டி, பவரையும் புகையையும் ஒன்றாக அளந்துவிடலாம். ஏற்றிய ஃபைல் எது, ஏற்றிய கடை எது என்று பதிவு இருக்கட்டும். அந்தச் சோதனை வந்தால் என் வேலையிலும் சிலது ஃபெயில் ஆகும். ஐந்தாறு வருடத்துக்கு முன் ஆசைப்பட்டுக் கொஞ்சம் அதிகமாக ஏற்றிக் கொடுத்த ஒரு லினியா கார் இன்னும் ஊருக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

சோதனை எப்படி நடக்க வேண்டும் என்று யோசிக்க, ஒரு பிரேக் இன்ஸ்பெக்டரை ஒரு நாள் அனுப்பிவையுங்கள். யூனிஃபார்ம் இல்லாமல் வந்தால் நல்லது. டைனோவில் வண்டி ஏற்றிக் காட்டுகிறேன். அந்தக் கறுப்பு டப்பாவையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு டியூனர்