களனி கங்கையை மாடியேற்றிய உங்கள் எல்லோருக்கும்

மட்டக்குளி, முகத்துவாரம், கிராண்ட்பாஸ் உறவுகளுக்கு வணக்கம்.

போன சனி, ஞாயிறு எங்கள் வாசிகசாலை மேல்மாடியில் நடந்த களனி கங்கைக் கண்காட்சியில் 'தொடாதே' என்று ஒரு பலகைகூட இருக்கவில்லை. பிள்ளைகள் தொட்டார்கள், இறைத்தார்கள், கொட்டினார்கள். தரை இன்னும் முழுதாகக் காயவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் இந்த நன்றி.

முதலில் தையற்கடை அக்காவுக்கு. ஆற்றின் நீளம் 145 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் என்று வைத்தால் பதினாலரை மீட்டர் துணி வேண்டும். எங்கள் மண்டபமோ 12 மீட்டர். நாங்கள் கணக்கைக் குறைக்கப் பார்த்தோம். அக்கா கேட்கவில்லை. "ஆறு என்றால் வளையத்தானே வேணும்" என்று மூலையில் திருப்பித் தைத்துவிட்டார்.

அந்தத் துணியின் தலைமாட்டில் இரண்டு நாளும் நின்ற ஐயாவை வந்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மஸ்கெலியாவில் பிறந்து, கொழும்புக்குக் கடை வேலைக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்டவர். களனியின் மேல்பக்கத்து மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனபோது அவர் சின்னப் பையன். நீலத் துணியில் ஒரு மூடி வைக்கச் சொல்லி, அதன் அடியில் அந்தக் கடைத்தெருவையும் கோயிலையும் ஞாபகத்திலிருந்தே வரைந்தார். கடும் வறட்சியில் நீர் வற்றினால் பழைய கோயில் இன்றும் வெளியே தெரியும். மூடியைத் தூக்கிய ஒவ்வொரு பிள்ளையிடமும், "இந்தத் தண்ணிதான் உங்கட பைப்பில வருது" என்றார். எத்தனை தடவை சொன்னாரோ, குரல் கட்டிப்போயிற்று.

உப்புத் தண்ணீர்த் தொட்டியைச் செய்து தந்தது முன்பு வள்ளத்தில் மணல் அள்ளிய அண்ணன். சாயம் கலந்த உப்புத் தண்ணீரை ஒரு முனையில் ஊற்றினால், அது கனமானது என்பதால் நல்ல தண்ணீருக்கு அடியால் ஊர்ந்து போகும். மழை குறைந்த நாட்களில் கடல் இப்படித்தான் முகத்துவாரம் வழியாக ஆற்றுக்குள் ஏறும். அடியில் போட்ட மணலை ஒரு கை அள்ளிவிட்டுப் பார்த்தால் இன்னும் தூரம் போகும். கொழும்புக்குக் குடிநீர் எடுக்கும் அம்பத்தளையில் உப்பைத் தடுக்க அணை போட வேண்டி வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். "நானும் அள்ளினவன்தான்" என்று அண்ணன் பிள்ளைகள் முன்னால் சொன்னார். அதைச் சொல்லும்படி அவரை யாரும் கேட்கவில்லை.

வெள்ளத் தூணுக்குக் கண்ணாடிக் குழாய் தந்த ஹார்ட்வேர் நானாவுக்கும், அது சனி காலையில் ஒழுகியபோது சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடிவந்த, பைப் வேலை செய்யும் பாஸுக்கும் தனி நன்றி. ஆற்று நீர்மட்டத்தை அளக்கும் நாகலகம் வீதி அளவுகோலைப் பார்த்துச் செய்தது அது. கைப்பம்பால் இறைக்க இறைக்க நீர் ஏறும். 5 அடியில் மஞ்சள் பல்ப், சிறு வெள்ளம். 7 அடியில் சிவப்பு, பெரு வெள்ளம். 1947இல் 12 அடியையும் தாண்டியது என்றபோது பையன்கள் நம்பவில்லை. 2016 மே மாதம் தன் வீட்டுச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு வைத்த அம்மா, அந்த உயரத்தைத் தன் தோளில் கை வைத்துக் காட்டினார். அப்புறம் பம்பைச் சுற்றிச் சத்தமே இல்லை.

கிராண்ட்பாஸ் என்ற பெயர் போர்த்துக்கேயர் காலத்துப் பெரிய தோணித்துறையிலிருந்து வந்தது என்று பலகை எழுதிய டீச்சருக்கும், செர்ரி பார்ப் மீன்களைத் தொட்டியோடு தந்த தம்பிக்கும் நன்றி. மீன்கள் எல்லாம் சுகம்.

மூன்று வாளியும், ஓர் ஏணியும், பெயர் எழுதாத ஒரு சோற்றுச் சட்டியும் வாசிகசாலையில் இருக்கின்றன. உரியவர்கள் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு வந்து எடுத்துக்கொள்ளுங்கள். தேத்தண்ணீர் நாங்கள் தருகிறோம்.

அன்புடன்,
வாசிகசாலைப் பிள்ளைகளும் பெற்றோரும்