ஸ்மாஷுக்கு நாலு பந்து போதுமா?

ஆசிரியருக்கு வணக்கங்க.

பொள்ளாச்சியில் இருந்து எழுதுகிறேன். வயது 53, காலையில் டபுள்ஸ் ஆடுகிற ஆள், பெரிய ஆட்டக்காரன் எல்லாம் இல்லை. உங்கள் பக்கத்தில் டென்னிஸ் என்றால் ஸ்கோரும் கோப்பையும்தான் வருகிறது, ஆட்டத்தைப் பற்றி ஒரு வரி இருக்காது, அதனால்தான் எழுதத் தோன்றியது.

மகள் போகும் பயிற்சியை ஒரு நாள் முழுக்க நின்று பார்த்தேன். ஃபோர்ஹேண்டுக்கும் சர்வுக்கும் கூடை கூடையாகப் பந்து, தலைக்கு மேலே வரும் பந்தை ஓங்கி அடிக்கிற ஸ்மாஷுக்குக் கடைசியில் நாலே நாலு, அதுவும் அடிக்கத் தோதாகக் கைக்கு நேரே தூக்கிப் போட்டது. மேட்சில் எதிராளி அப்படியா போடுவான்? தலையைத் தாண்டிப் பின்னால் விழுகிற மாதிரிதான் உயரத் தூக்கி அடிப்பான், அதுதான் லாப்.

போதாததற்கு நம்ம ஊர்க் காற்று. வெயில் கண்ணில் படக்கூடாதென்று கோர்ட்டை வடக்கு தெற்காகப் போடுவார்கள், ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்றோ குறுக்கே அடிக்கும், உயரே போன பந்து இறங்குவதற்குள் பக்கவாட்டில் இரண்டு எட்டு நகர்ந்திருக்கும். அதனால் பந்துக்கு அடியில் போய்விட்டோம் என்று காலை ஊன்றி நிற்கவே கூடாது, அடிக்கிற வரைக்கும் குட்டிக் குட்டி அடியாக நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும்.

பின்னால் போகிறதற்கும் ஒரு முறை இருக்கிறது. லாப் என்று தெரிந்த உடனே உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு, காலை மாற்றி வைத்து ஓட வேண்டும். நெட்டைப் பார்த்தபடியே பின்பக்கமாக ஓடியதில் நான் மல்லாக்க விழுந்து மணிக்கட்டில் ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டிருந்தேன் (டென்னிஸ் வீரர் பீட் சாம்ப்ராஸ் எம்பிக் குதித்து அடிப்பதை டிவியில் பார்த்த கோளாறும் கொஞ்சம் உண்டு).

மட்டைப் பிடி, தேங்காய் வெட்ட அரிவாள் பிடிக்கிற பிடிதான். ஃபோர்ஹேண்டு பிடியிலேயே அடித்தால் மணிக்கட்டு சுழலாது. சர்வ் மாதிரி மட்டையைக் கீழே இறக்கிச் சுற்றிக் கொண்டுவர நேரம் இருக்காது, திரும்பும்போதே தோளுக்கு மேலே தூக்கிவிட வேண்டும், இடது கை பந்தை நோக்கி நீண்டிருக்க வேண்டும். அந்தக் கை சீக்கிரம் இறங்கினால் தலையும் கூடவே குனியும், பந்து நெட்டில் போய் விழும். நெட் நடுவில் 91.4 சென்டிமீட்டர்தான், அதிலேயே எத்தனை ஸ்மாஷ் போய் மாட்டுகிறது பாருங்கள்! ரொம்ப உயரமாக வந்தால் தரையில் ஒரு குத்து விழவிட்டு அடிக்கலாம், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

தினம் பத்து நிமிடம், ஒவ்வொரு பந்தும் வேறு வேறு உயரத்தில், வேறு வேறு பக்கத்தில் லாப் போட்டுப் பழக்குங்கள் என்று பயிற்சியாளரிடம் கேட்டேன். “காத்து அடங்கட்டும் சார், பார்க்கலாம்” என்கிறார். காத்து அடிக்கிறப்பத்தானுங்க பழகணும்.

– ஒரு வாசகர், பொள்ளாச்சி