அத்தை கேட்ட அனுமதி

திண்டிவனம்,
ஆவணி மாதம், ஞாயிறு மாலை

அன்புள்ள அந்தோணி,

நலம். நீயும் தங்கையும் நலம்தானே? உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்கமாட்டேன். கேட்டால் நாலு பக்கம் எழுதுவாய். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. ஊறுகாய் விஷயத்தில் பத்மாவுக்கு உன்மேல் இன்னும் கோபம் தீரவில்லை. மகன் சென்னையில் வீடு வாங்கிவிட்டான். கடன் அவனுக்கு, கவலை எனக்கு. நம் தலைமையாசிரியர் இப்போதும் காலை நடையில் எதிரே வருகிறவர்களை வரிசையில் போகச் சொல்கிறாராம். செய்தி இவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து பேசுவாய். அதனால்தான் கடிதம்.

அத்தை சல்லேகனை இருக்கப்போவதாக, அதாவது உணவைப் படிப்படியாக விட்டு உயிர்விடும் எங்கள் ஜைன நோன்பை ஏற்கப்போவதாகச் சொல்கிறாள்.

உனக்கு இந்தச் சொல் புதிதல்ல. பையன்களைச் செஞ்சிக்குச் சுற்றுலா அழைத்துப் போகும்போதெல்லாம் கோட்டைக்கு முன்னால் சிறுகடம்பூரில், திருநாதர்குன்றின் அடியில், பஸ்ஸை நிறுத்தச் சொல்வேன். நீ தலையில் அடித்துக்கொள்வாய். மேலே பாறையில் எங்கள் சமய முதல்வர்களான இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களும் இரண்டு வரிசையாக அமர்ந்திருப்பார்கள். 57 நாள் உண்ணாமல் நோற்று உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை என்னும் நினைவுக் கல்வெட்டை எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டுவேன். இளைய பட்டாரர் 30 நாள் நோற்றதையும் சொல்வேன். "சார், தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாரா?" என்று எவனாவது ஒரு பையன் கேட்பான். உடனே நீ கீழேயிருந்து, "சாப்பாடு ஆறுகிறது!" என்று குரல் கொடுப்பாய். அவ்வளவு பழைய எழுத்து, எங்கள் முன்னோர் வெட்டியது என்று எத்தனை ஆண்டு நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருப்பேன்! அதே சொல்லை அத்தை வாயிலிருந்து கேட்டபோது எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.

அவள் அதை எப்படிச் சொன்னாள் என்பதையும் கேள். வழக்கம்போல ஊருக்குப் போயிருந்தேன். பொழுது சாய்ந்தால் நாங்கள் உண்பதில்லையே, ஐந்தரை மணிக்கே சாப்பாடு முடிந்தது. அத்தை திண்ணையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு மறுநாளுக்கு அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று முறத்தை என் பக்கம் தள்ளினாள். "இதில் வண்டு இருக்கிறதா பார்" என்றாள். இருந்தது, இரண்டு மூன்று. "எனக்குத் தெரியவில்லை. போன மாதத்திலிருந்தே தெரியவில்லை. எத்தனை வெந்ததோ, எத்தனை என் வயிற்றுக்குள் போனதோ. தண்ணீரை வடிகட்டுகிற துணியில் என்ன தங்கியிருக்கிறது என்றும் தெரியவில்லை. இப்படிப் பாவத்தைச் சேர்த்துக்கொண்டு எதற்காகச் சாப்பிட வேண்டும்? மழைக்காலம் முடிந்ததும் முனிவரிடம் அனுமதி கேட்கப் போகிறேன். நீதான் கூட வர வேண்டும்."

அழவில்லை, குரல்கூட உயரவில்லை. ரேஷன் கடைக்குத் துணைக்குக் கூப்பிடுவதுபோலச் சொல்லி முடித்துவிட்டாள்.

செய்தி பெங்களூருக்குப் போனது. அவள் பிள்ளையை உனக்குத் தெரியும். நம்மிடம் படிக்கும்போதே எதிர்க்கேள்வி கேட்பான், இப்போது பெரிய இதய மருத்துவர் வேறு. மறுநாளே காரில் வந்து இறங்கினான். "இது தற்கொலை. போலீஸ் வந்தால் உங்களையும் சேர்த்துத்தான் பிடிப்பார்கள், மாமா மகன் என்று விடமாட்டார்கள்" என்று என்னிடம் கத்தினான். 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் இந்த நோன்பைத் தற்கொலைக் குற்றமாகவே பார்க்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது உண்மைதான். அந்த மாதக் கடைசியிலேயே உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்ததும் உண்மைதான். முதல் செய்தியை மட்டும் அவன் படித்திருந்தான். இரண்டாவதை நான் சொன்னேன். அதற்குள் அத்தை உள்ளேயிருந்து, "சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் உண்ணாமல் உயிர்விட்டாரே, அவர்மேல் யார் வழக்குப் போட்டார்கள்?" என்றாள். கண்தான் மங்கல். காது நன்றாகக் கேட்கிறது.

அவன் போன பிறகு இரவெல்லாம் எங்கள் அறநூலான அருங்கலச்செப்பைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மாணவர்களுக்கு மனப்பாடமாகச் சொன்ன பகுதியையே இப்போது வக்கீல் பத்திரம் படிப்பதைப்போல ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தேன். நினைத்தபோதெல்லாம் எடுத்துக்கொள்ளும் நோன்பு அல்ல இது. நீக்க முடியாத இடையூறு, தீராத நோய், மூப்பு இப்படி ஏதாவது வந்து அறத்தைக் காக்க வழியில்லாமல் போக வேண்டும். குருவின் அனுமதி வேண்டும். ஒரே நாளில் சோற்றை விட்டுவிடவும் கூடாது. முதலில் திட உணவு, பிறகு பால், பிறகு மோரும் வெந்நீரும் என்று படிப்படியாகக் குறைக்க வேண்டும். சாக ஆசைப்பட்டால் அது குற்றம். வாழ ஆசைப்படுவதும் குற்றம். பயப்படுவது குற்றம், அடுத்த பிறவியில் இன்னது வேண்டும் என்று கேட்பதும் குற்றம். ஐந்தாவது குற்றம் எது தெரியுமா? நண்பர்களை நினைத்துக்கொண்டிருப்பது. அத்தை அன்றைக்கே, "அந்தக் கணக்கு வாத்தியார் எப்படி இருக்கிறார், இன்னும் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறாரா?" என்று விசாரித்தாள். ஆக, ஒரு குற்றம் உன்னால் ஏற்கெனவே ஏறிவிட்டது.

நோன்புக்கு முன்னால் உறவினரிடமும் வேலை செய்பவர்களிடமும் மன்னிப்புக் கேட்டுப் பகையைக் கழிக்க வேண்டும் என்றும் நூலில் இருக்கிறது. அனுமதி வருவதற்கு முன்பே அத்தை அதை ஆரம்பித்துவிட்டாள். பத்மாவைக் கூப்பிட்டு, கல்யாணமான புதிதில் அவள் வைத்த ரசத்தைப் பழித்ததற்காக மன்னிப்புக் கேட்டாள். பத்மாவுக்கு அந்த ரசம் நினைவே இல்லை. ஆனாலும் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். பால்காரர், பூக்காரப் பெண், கோயிலில் பூசை செய்யும் உபாத்தியாயர் என்று ஒருவர் பாக்கியில்லை. உபாத்தியாயரோ பதிலுக்கு, அபிஷேகப் பால் விஷயத்தில் தான் சொன்ன ஏதோ ஒரு பொய்யை ஒப்புக்கொண்டாராம். ஊரே கலங்கிப்போயிருக்கிறது.

ஊர் என்று சொல்கிறேனே, அதுவே பேச்சுக்குத்தான். கோயில் தெருவில் எங்களவர் வீடுகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் திறந்திருக்கின்றன. மற்றவர்கள் சென்னை, பெங்களூர் என்று போய்விட்டார்கள். பூட்டிய வீட்டுக்காரர்கள் தேருக்கு வருகிறார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, நானே திண்டிவனத்தில்தான் இருக்கிறேன். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஜைனர் என்று பதிவானவர்கள் 90 ஆயிரத்துக்கும் கொஞ்சம் குறைவு. அதிலும் வடக்கிலிருந்து வியாபாரத்துக்கு வந்தவர்களைக் கழித்துவிட்டால் தமிழ் ஜைனரான எங்கள் நயினார் கூட்டம் எவ்வளவு மிஞ்சும், கணக்கு வாத்தியாரான நீயே சொல். பேரனிடம் அவன் வகுப்புப் பையன்கள், "ஜைனன் என்றால் நீ சேட்டா? இந்தி பேசு பார்க்கலாம்" என்கிறார்களாம். அவன் வந்து, "தாத்தா, நாம் எப்போது தமிழ்நாட்டுக்கு வந்தோம்?" என்று கேட்கிறான். நன்னூல் எழுதிய பவணந்தியின் கூட்டத்துப் பிள்ளை கேட்கிற கேள்வி இது!

எங்கள் ஜைன காப்பியமான சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க உட்கார்ந்தபோது சாமிநாதையருக்கு இடமிடமாகப் பொருள் விளங்கவில்லை. கும்பகோணத்து ஜைனர் வீடுகளுக்குப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887இல் நூல் வந்தது. ஏடு அவர் கையில் இருந்தது, சந்தேகம் தீர்த்தவர்களோ அதைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளர்ந்தவர்கள். அத்தையும் அந்த வகைதான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனாலும் ஸ்ரீபுராணத்தில் எந்தத் தீர்த்தங்கரர் எந்த ஊரில் பிறந்தார், அம்மா பெயர் என்ன, என்ன மரத்தடியில் ஞானம் பெற்றார் என்று கேட்டால் மூச்சுவிடாமல் சொல்வாள். இதையெல்லாம் நான் ஒரு நோட்டிலாவது எழுதிவைத்திருக்கிறேனா? கேட்காதே.

இதில் எனக்கு ஒரு சந்தேகம் வருகிறது. அத்தை உயிரோடு இருக்க வேண்டும் என்று நான் நினைப்பது அவளுக்காகவா? கோயிலில் மாலை விளக்கு எரிய ஓர் ஆள் வேண்டும், எனக்குப் போய்வர ஓர் ஊர் வேண்டும் என்பதற்காகவா? இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்க முடியவில்லை. பத்மாவிடம் கேட்டால் தூங்கச் சொல்வாள்.

பத்மா என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்த ரகளைக்கு நடுவில் உருப்படியாகப் பேசியவள் அவள் ஒருத்திதான். டாக்டர் சட்டம் பேசினான், நான் செய்யுள் பேசினேன். அவள் டார்ச்சை எடுத்து அத்தையின் கண்ணில் அடித்துப் பார்த்தாள். "இரண்டு கண்ணிலும் புரை முற்றிக்கிடக்கிறது. கண்புரைக்கு யாராவது சல்லேகனை இருப்பார்களா?" என்றாள். அம்மாவைப் பார்க்க வரும்போதெல்லாம் நாடியையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்த இதய மருத்துவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

நூலும் எங்கள் பக்கம்தான் என்று எனக்குத் தெம்பு வந்துவிட்டது. "அத்தை, நீக்க முடிந்த குறையை வைத்துக்கொண்டு நோன்பு கேட்டால் முனிவர் அனுமதி தரமாட்டார். முதலில் கண்ணைச் சரிசெய்துகொள்ளுங்கள்" என்றேன். அத்தை யோசித்தாள். அவள் நியாயத்துக்குக் கட்டுப்படுகிறவள். "சரி, எடுத்துவிடுங்கள். வண்டு தெரிந்தால் சாப்பிடுகிறேன்" என்றாள். எல்லோருக்கும் மூச்சு வந்தது.

மூச்சு முழுதாக வெளியே வருவதற்குள் அடுத்ததைக் கேட்டாள். "இப்போது கண். அப்புறம் கால் வரும், நான் கோயில் படி ஏறவில்லை என்பீர்கள், அதற்கும் ஆபரேஷன். அப்புறம் நினைவு தப்பும். நமஸ்கார மந்திரம் மறந்துபோகும். அப்போது குழாய் வைப்பீர்கள். ஒவ்வொன்றுக்கும் நீங்கள் ஒரு வைத்தியம் வைத்திருப்பீர்கள். எதோடு நிறுத்துவீர்கள், இப்போதே சொல்லிவிடுங்கள். எனக்குப் புத்தி தெளிவாக இருக்கும்போது நான் கேட்டால் அவசரம் என்கிறீர்கள். தெளிவு போன பிறகு நான் எப்படிக் கேட்பது?"

அந்தோணி, அந்தக் கேள்விக்கு அவன் படித்த படிப்பிலும் பதில் இல்லை, என் செய்யுளிலும் இல்லை. உணர்வோடு எடுத்துக்கொள்ள வேண்டிய நோன்பு அது, மயங்கிக் கிடப்பவருக்கு அல்ல. நேரம் தவறினால் தவறியதுதான். அது அவளுக்கு நன்றாகத் தெரிகிறது.

நான் இதை உனக்கு எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. உன் அம்மாவின் கடைசி நாட்களில் நான் உங்கள் வீட்டில் இருந்தேன். பங்குச் சாமியார் வந்து, சாகும் தறுவாயில் எண்ணெய் பூசி ஜெபிக்கும் அவஸ்தைபூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். அதன் பிறகு அம்மா கஞ்சியை வாயில் வாங்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போய்விடலாம் என்று உன் தம்பி துடித்தான். நீ கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா வேண்டாம் என்கிறார், விட்டுவிடுங்கள்" என்று ஒரே வரியில் சொன்னாய். அதன் பிறகு நாம் அதைப் பற்றிப் பேசியதில்லை. உன்னைக் கேலிசெய்ய எனக்கு ஆயிரம் விஷயம் இருக்கிறது, அதை மட்டும் தொட்டதில்லை. இப்போது கேட்கிறேன். அந்த வரியை எப்படிச் சொன்னாய்? பிறகு எந்த இரவிலாவது, தம்பி சொன்னபடி கேட்டிருக்கலாமோ என்று தோன்றியதுண்டா? உண்மையை எழுது. எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று எதையாவது எழுதி அனுப்பாதே.

கண் ஆபரேஷன் புரட்டாசியில். முனிவர் இந்த மழைக்காலத்துக்குப் பொன்னூர் மலை அடிவாரத்தில் தங்கியிருக்கிறார். கண் ஆறியதும் அத்தையை அங்கே அழைத்துப் போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன் என்கிறாள். பெங்களூர்க்காரன் தானும் வருவேன், முனிவரிடம் தானே பேசுவேன் என்கிறான். ஆடையில்லாமல் உட்கார்ந்திருப்பவரிடம் இவன் ஸ்கேன் ரிப்போர்ட்டை நீட்டும் காட்சியைப் பார்க்கவாவது நீ வரலாம். மலை உச்சியில் எங்கள் பழைய ஆசாரியர் குந்தகுந்தரின் பாதமும் இருக்கிறது. திருக்குறளை எழுதியது அவர்தான் என்று நானும், வள்ளுவர் மயிலாப்பூரில் தோமையாரிடம் பாடம் கேட்டார் என்று நீயும் சண்டை போடுவோமே, நம் தமிழாசிரியர் இரண்டு பேரையும் ஓய்வறையிலிருந்து வெளியே அனுப்புவாரே, பாக்கிச் சண்டையை அங்கே வைத்துக்கொள்ளலாம். படி ஏற உன் முழங்கால் இடம் கொடுக்காவிட்டால் அடிவாரத்திலேயே.

வருவதானால் முன்கூட்டியே எழுது. வந்தவாசி வரைக்கும் பஸ்ஸில் வந்துவிடு, அங்கிருந்து நான் கூட்டிப்போகிறேன். மாலை ஐந்து மணிக்கு முன்னால் வந்தால்தான் எங்கள் வீட்டில் சாப்பாடு. அதற்குப் பிறகு வந்தால் என்ன ஆகும் என்பது உனக்கே தெரியும், இந்த முறை பஸ் நிலையத்துப் பரோட்டாப் பொட்டலத்தைப் பைக்குள் ஒளித்து எடுத்து வராதே. அத்தைக்கு அப்போது கண் தெரியும்.

அன்புடன்,
தன்யகுமார்