உன் மகளின் விளையாட்டும் ஜாவாஸ்கிரிப்ட்டும்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. உன் மகள் கல்லூரியில் சேர்ந்த செய்தியைப் படித்து மனசு நிறைந்துவிட்டது. இங்கே எல்லோரும் நலம். எனக்கு வேலை கூடிவிட்டது, அதனால்தான் பதில் தாமதம்.

அவள் ஜாவாஸ்கிரிப்ட்டில் ஒரு விளையாட்டு எழுத ஆசைப்படுகிறாள், கூடப் படிப்பவர்களோ "அது வெப்சைட்டுக்குத்தான் லாயக்கு" என்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அவள் தயங்காமல் எழுதட்டும். இருபரிமாண விளையாட்டுக்கு அந்த மொழி நன்றாகவே போதும்.

மெதுவான மொழி என்ற பெயர் பழைய காலத்தில் வந்தது. 2008-இல் குரோம் பிரவுசரோடு வந்த வி8 எஞ்சின், ஜாவாஸ்கிரிப்ட் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றி ஓட்டியது. மற்ற பிரவுசர்களும் அதே வழியில் போட்டியில் இறங்க, வேகம் எங்கேயோ போய்விட்டது. 2018-இல் வெளிவந்த கிராஸ்கோட் ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதிய பெரிய விளையாட்டு. வாம்பயர் சர்வைவர்ஸும் ஃபேசர் என்ற ஜாவாஸ்கிரிப்ட் விளையாட்டு எஞ்சினில்தான் பிறந்தது. நன்றாக விற்றுப் பெயர் வாங்கிய பிறகே யூனிட்டி என்ற வேறு விளையாட்டு எஞ்சினுக்கு மாறியது.

அவள் கவனிக்க வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. திரையில் நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம், என்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிசெகண்ட். விசையைப் பார்ப்பது, மோதலைக் கணக்கிடுவது, வரைவது எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். சுடும்போதெல்லாம் தோட்டாவுக்குப் புதுசாக ஒரு ஆப்ஜெக்ட் உருவாக்கினால், பழையவை மெமரியில் குவியும். அவற்றைப் பெருக்கித் தள்ள கார்பேஜ் கலெக்டர் நடுவில் புகும்போது ஆட்டம் ஒரு கணம் திக்கும். தோட்டாக்களை ஆரம்பத்திலேயே உருவாக்கி வைத்து, திரும்பத் திரும்ப அவற்றையே பயன்படுத்தச் சொல். அப்புறம், நகர்வை ஃபிரேம் எண்ணிக்கையோடு கட்டக் கூடாது, கடந்த நேரத்தோடு கட்ட வேண்டும். இல்லாவிட்டால் நொடிக்கு 120 ஃபிரேம் காட்டும் 120 ஹெர்ட்ஸ் திரையில் அவளுடைய நாயகன் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுவான்!

முப்பரிமாணத்துக்கு த்ரீ.ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் இருக்கிறது, சின்ன உலகங்களுக்கு அழகாக வேலை செய்யும். பிரம்மாண்டமான திறந்த உலகம்தான் கனவு என்றால் நானும் வேறு எஞ்சினைத்தான் சொல்வேன்.

ஜாவாஸ்கிரிப்ட்டில் செயலிகள் செய்யலாமா என்றும் கேட்டிருந்தாய். நான் தினமும் நிரல் எழுதும் விஎஸ் கோடே, ஜாவாஸ்கிரிப்ட்டில் கணினிச் செயலி செய்ய உதவும் எலக்ட்ரான் மேல் கட்டியதுதான். ஆனால் எலக்ட்ரான் செயலி ஒவ்வொன்றும் ஒரு முழு குரோமியம் பிரவுசரைக் கூடவே சுமந்து வருகிறது. சின்னக் குறிப்பேட்டுச் செயலிக்கு இவ்வளவு மெமரியா என்று எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். போன் செயலிகளை ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுத உதவும் ரியாக்ட் நேட்டிவ் பரவாயில்லை. திரையில் வருபவை அந்தப் போனுக்கே உரிய பட்டன்களும் பட்டியல்களும்தான்.

முதல் லெவல் முடிந்ததும் எனக்கு லிங்க் அனுப்பச் சொல். எதையும் இன்ஸ்டால் செய்யாமல் பிரவுசரிலேயே திறந்து ஆடலாம் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது. எங்கெல்லாம் திக்குகிறது என்று ஆடிப் பார்த்து விரிவாக எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்