பக்கத்து சீட்டு காலியாக இருக்கக் கூடாது

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில், "அப்பா, நான் மட்டும் தனியா ஆபீஸ் வரைக்கும் கார் ஓட்டிட்டுப் போனேன்" என்று நீ சொன்னபோது உன் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. ஆனால் ராத்திரி முழுக்கத் தூக்கம் பிடிக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

உன் கையில் இருக்கும் எல்.எல்.ஆர்., ஓட்டிப் பழகுவதற்கு ஆறு மாசத்துக்குக் கொடுத்த அனுமதி. கார் லைசென்ஸ் உள்ள ஒருவர் கூட இருந்தே ஆக வேண்டும். 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் மூன்றாவது விதி இது. அவசரத்தில் வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் அவர் உட்கார வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. பின் சீட்டில் உட்கார்ந்து போன் பார்க்கிறவர் கணக்கில் வரமாட்டார். உன் ரூம்மேட்டிடம் ஸ்கூட்டி லைசென்ஸ் மட்டும்தானே இருக்கிறது? அவளும் கணக்கில் வரமாட்டாள்.

நான் பழகும்போது நடந்ததை உனக்குச் சொன்னதில்லை. ரயில்வே மேம்பாலத்தில் பாதி ஏற்றத்தில் வண்டி ஆஃப் ஆகிவிட்டது. பதற்றத்தில் கிளட்சை மிதித்தேன், பிரேக்கை விட்டுவிட்டேன். வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. கண்ணாடியில் பார்த்தால், பால் கேன் கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு பெரியவர் ஏறி வருகிறார். மாஸ்டர் ஒரு வார்த்தை பேசாமல் தன் காலடியில் இருந்த பிரேக்கை அழுத்தினார். பெரியவருக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு முழம்தான் இருந்தது. அவர் மிரண்டு சைக்கிளைத் திருப்பியபோது கேன்கள் மோதிக்கொண்ட சத்தம் இன்னமும் என் காதில் இருக்கிறது.

டிரைவிங் ஸ்கூல் காரில் மாஸ்டருக்கு என்று தனி பிரேக் உண்டு. நம் காரில் நடுவில் இருக்கும் ஹேண்ட்பிரேக் ஒன்றுதான். அதை இழுக்கத் தெரிந்த ஒரு கை உன் பக்கத்தில் வேண்டும்மா.

காலையில் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படித்தேன். எல்.எல்.ஆர். உள்ளவரும் ஓட்டலாம், ஆனால் அந்த மூன்றாவது விதிப்படிதான் ஓட்ட வேண்டும் என்று போட்டிருக்கிறது. தனியாகப் போய் ஏதாவது ஆனால் கிளெய்ம் நிற்காமல் போகலாம். அடிபட்டவருக்குக் கொடுத்த பணத்தை, வண்டி என் பேரில் இருப்பதால் இன்சூரன்ஸ் கம்பெனி என்னிடமே திருப்பிக் கேட்கலாம். பணத்தை எப்படியாவது புரட்டிவிடுவேன். அடிபடுகிறவருக்கு என்ன பதில் சொல்வோம்?

சிவப்பில் 'எல்' எழுதிய வெள்ளை அட்டை பின்னால் இருந்தால் அசிங்கமாக இருக்கிறது என்றாயே, அதை எடுக்காதே. முன்னாலும் பின்னாலும் 18 செ.மீ. சதுரத்தில் இருக்க வேண்டும். திருச்சி ரோட்டில் உன் பின்னால் வருகிற பஸ் டிரைவர் அதைப் பார்த்தால்தான் கொஞ்சம் தள்ளி வருவார்.

எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் முடிந்ததும் லைசென்ஸ் டெஸ்ட்டுக்குப் போகலாம். அதில் கேட்கிற மாதிரி ரிவர்ஸில் 'எச்' வடிவம் போடும்போது இன்னும் கோட்டைத் தொடுகிறாய். அது சரியான பிறகு தேதி வாங்கிக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் கோயம்புத்தூர் வருகிறேன். என் லைசென்ஸைப் போன வருஷம்தான் புதுப்பித்தேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் விடியற்காலை 5 மணிக்கு, ரோடு காலியாக இருக்கும்போது போவோம். அதுவரை காரை எடுக்காமல் டவுன் பஸ்ஸிலேயே ஆபீஸ் போ.

அன்புடன்,
அப்பா